தூரிகையும் சாவியும்

 

ஓவியம் வரைகிறவர் ஒருவர். ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர் வேறொருவர். ஓவியங்களைச் சேர்த்துக் காத்துப் பொதுமக்களுக்குக் காட்டுகிறவர் மூன்றாம் ஒருவர். இம்மூன்றும் மூன்று வெவ்வேறு தொழில்கள் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். வரைகிறவர் எழுதுகிறவரை நம்புவதில்லை. எழுதுகிறவர் காப்பாளரைக் குறை கூறுவார். காப்பாளரோ இருவரையும் வாயிலில் நிறுத்தி வைத்துப் பேசுவார். இம்மூன்று வேலைகளையும் ஒரே மனிதர் தம் வாழ்நாளில் செய்து பார்த்தார் என்றால், அவருடைய கதை கேட்கத் தக்கதே. அவர் சார்லஸ் ஜான் ஹோம்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1868-ஆம் ஆண்டு பிறந்து 1936-ஆம் ஆண்டு மறைந்தவர். துப்பறியும் கதையில் வரும் ஹோம்ஸ் அல்லர். ஆயினும் இவரும் ஒரு முறை மாறுவேடம் புனைந்தார். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இவரை நான் அறிந்துகொண்டது தற்செயலாக. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற நாளில், அக்கல்லூரி நூலகத்தின் ஒரு மூலையில், எவரும் எடுக்காத அலமாரி ஒன்று இருந்தது. பாடம் நடத்தும் முறை பற்றிய நூல் ஒன்றைத் தேடிச் சென்ற என் கையில் இவர் 1909-ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் அகப்பட்டது. ஓவியம் அமைக்கும் அறிவியலைப் பற்றிய குறிப்புகள் என்பது அந்நூற்பெயரின் பொருள். எனக்கு ஒரு பானையைக்கூட ஒழுங்காக வரைய வராது. இருந்தும் அந்நூலை நான்கு நாள் வைத்துப் படித்தேன். காரணம், அது ஓவியனுக்கு எழுதப்பட்ட நூலாக இருந்தும், கரும்பலகையின் முன் நின்று பாடம் சொல்லும் ஒருவனுக்கும் பயன்படும் வகையில் தெளிவாக இருந்தது.

ஒரு நல்ல ஓவியத்தில் நான்கு பண்புகள் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒருமை, உயிர்ப்பு, முடிவின்மை, அமைதி என்று அவற்றைத் தமிழில் கூறலாம். படத்திலுள்ள பல பொருள்களும் சேர்ந்து ஒன்றாய் நிற்க வேண்டும், அது ஒருமை. அதில் உயிரின் துடிப்பு இருக்க வேண்டும். ஒரு பார்வையிலேயே எல்லாம் தீர்ந்துவிடாமல், திரும்பத் திரும்பப் பார்க்கத் தக்க ஏதோ ஒன்று எஞ்சியிருக்க வேண்டும், அதுவே முடிவின்மை. கடைசியாக, அப்படம் சுவரிலே தொங்கும்போது அறையில் இருப்போரைக் கூச்சலிட்டு அழைக்காமல் தன் இடத்தில் அடங்கி இருக்க வேண்டும், அது அமைதி. இந்நான்கில் மூன்றாவதுதான் என்னை மிகவும் ஈர்த்தது. நான் கேட்ட நல்ல பாடங்கள் யாவும் மணி அடித்த பிறகும் தீராதவையாகவே இருந்தன.

இனி அவர் வரலாறு. லங்காஷயர் மாவட்டத்துப் பிரெஸ்டன் நகரில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தார். ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டில் பிரேஸ்னோஸ் கல்லூரியிலும் பயின்றார். ஓவியப் பள்ளி எதிலும் முறையாகச் சேர்ந்து பயிலவில்லை. படிப்பு முடிந்ததும் அவர் புகுந்த இடம் புத்தக வெளியீட்டுத் தொழில். அச்சகத்தில் கணக்கெழுதியும், தாள் விலை பேசியும், மை நாற்றத்திலே அவருடைய இளமை கழிந்தது. 1896-ஆம் ஆண்டு முதல் 1903-ஆம் ஆண்டு வரை, சார்லஸ் ரிக்கெட்ஸ் என்னும் கலைஞர் நடத்திவந்த வேல் பிரஸ் என்ற அழகிய நூல்களை அச்சிடும் நிறுவனத்துக்கு மேலாளராக இருந்தார். ரிக்கெட்ஸும் அவருடைய நண்பரான ஷானன் என்ற ஓவியரும் இருந்த இடத்தில் ஓவியத்தைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமில்லை. பகலில் கணக்கு, மாலையில் கலை. இப்படித்தான் அவர் தாமே ஓவியரானார். 1900-ஆம் ஆண்டு முதல் அவர் படங்கள் லண்டனில் புதிய ஆங்கிலக் கலைக் கழகத்தின் காட்சிகளில் இடம்பெற்றன.

அவர் வரைந்தவை பெரும்பாலும் நிலக்காட்சிகள். கவிஞர் வோர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த, ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த வடமேற்கு இங்கிலாந்து அவருக்கு உகந்த களம். அக்குன்றுகளை அவர் பூவும் புல்லுமாக நுணுக்கி நுணுக்கி வரையவில்லை. பெரிய வடிவங்களைப் பற்றிக்கொண்டு, சிறியவற்றைத் துணிந்து விட்டுவிடுவார். சில வண்ணங்களே போதும் அவருக்கு. இந்தச் சிக்கனத்தை அவர் ஜப்பானிய அச்சோவியங்களிடமிருந்து கற்றார் எனலாம். 1899-ஆம் ஆண்டிலேயே ஹோகுஸாய் என்னும் ஜப்பானிய ஓவியரைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதியிருந்தார். அழகிய ஏரிகளோடு அவர் நிற்கவுமில்லை. வடநாட்டு ஆலைகளும் புகைபோக்கிகளும் சூளைகளும் அவருடைய ஓவியத்தில் மலைகளுக்குரிய கம்பீரத்தோடு நிற்கின்றன. எரியும் சூளை ஒன்றை அவர் தீட்டிய படம் லண்டன் டேட் கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அவர் முதல் வரிசை ஓவியர் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய படங்களில் எனக்குக் குறையாகத் தோன்றுவது, அவை சிந்தித்துச் சிந்தித்து அமைக்கப்பட்டவை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுவதே. ஆனால் கையில் தூரிகை பிடித்துத் தோற்றும் வென்றும் பழகியவர் என்பதனால், பிறர் படத்தைப் பற்றி அவர் எழுதும்போது வெறும் சொல்லலங்காரம் இராது.

எழுத்தாளராக அவர் பெயர் நிலைபெற்றது, 1902-ஆம் ஆண்டில் ஜான் கான்ஸ்டபிள் பற்றி எழுதிய பெரிய நூலினால். கான்ஸ்டபிள் தம் ஊரின் ஆற்றையும் ஆலையையும் மேகத்தையும் வரைந்த ஆங்கில ஓவியர். அவருடைய வைக்கோல் வண்டி என்ற படம் 1821-ஆம் ஆண்டில் தீட்டப்பட்டது. சொந்த நாட்டில் அதற்குப் பெருமதிப்பு ஏற்படும் முன்னரே, 1824-ஆம் ஆண்டு பாரிஸ் காட்சியில் அது தங்கப் பதக்கம் பெற்றது. தெலக்ருவா முதலிய பிரெஞ்சு ஓவியர்கள் அதைக் கண்டு வியந்தனர். கான்ஸ்டபிளின் செல்வாக்கு நிலக்காட்சி ஓவியத்தில் எவ்வாறு பரவியது என்பதையே ஹோம்ஸ் ஆராய்ந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தெலக்ருவாவை நாம் மறுபடி சந்திப்போம்.

1903-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பர்லிங்டன் என்னும் கலைத் திங்களிதழ், சில மாதங்களிலேயே பணமுடையில் சிக்கியது. அதைக் கரையேற்றியவர்களில் கலை விமர்சகர் ராஜர் ஃபிரையும் ஹோம்ஸும் முக்கியமானவர்கள். அச்சகத்தில் கற்ற கணக்கு இங்கே கைகொடுத்தது. 1909 வரை ஹோம்ஸ் அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். அவ்விதழ் இன்றும் வெளிவருகிறது. இதே காலத்தில், 1904 முதல் 1910 வரை, ஆக்ஸ்போர்டில் ஸ்லேட் நுண்கலைப் பேராசிரியராகவும் விளங்கினார். அப்பதவியை முதன்முதல் வகித்தவர் ரஸ்கின். பின்னர் 1909-ஆம் ஆண்டில் தேசிய உருவப்படக் கூடத்துக்கும், 1916-ஆம் ஆண்டில் லண்டன் தேசிய ஓவியக் கூடத்துக்கும் இயக்குநரானார். அதாவது, தூரிகையும் பேனாவும் பிடித்த கையில் சாவிக்கொத்தும் வந்து சேர்ந்தது.

தேசிய ஓவியக் கூடத்தின் இயக்குநர் பதவி 1855-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஈஸ்ட்லேக், பாக்ஸல், பர்ட்டன், பாயின்டர், ஹால்ராய்ட் என்று ஹோம்ஸுக்கு முன் அதை வகித்த ஐவரும் கலைஞர்களே. முதலில் படம் வாங்கும் அதிகாரம் இயக்குநர் கையிலேயே இருந்தது. 1894-ஆம் ஆண்டில் அரசாங்கம் வகுத்த ஒரு விதி அந்த அதிகாரத்தை அறங்காவலர் குழுவுக்கு மாற்றிவிட்டது. அறங்காவலர்களோ பெரும்பாலும் பிரபுக்கள். தம் வீட்டிலேயே பழைய ஓவியங்களை வைத்திருந்தவர்கள். படத்தை அறிந்தவர் இயக்குநர்; முடிவு செய்பவர் வேறு. ஹோம்ஸ் தாம் எழுதிய சுயசரிதையில் இந்த இழுபறியை விரிவாகவே சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடம் நடத்தியவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அவர் பதவியேற்ற காலம் முதல் உலகப் போர்க் காலம். லண்டன்மீது வானிலிருந்து குண்டுகள் விழுந்தன. 1917-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 300 ஓவியங்கள் ஆல்ட்விச் என்ற சுரங்க ரயில் நிலையத்தின் பயன்படாத மேடையில் கொண்டுபோய் வைக்கப்பட்டன. போர் முடியும்வரை அங்கேயே இருந்தன. ஓவியக் கூடத்துக்குப் புதிய படம் வாங்க அரசாங்கம் தந்துவந்த மானியமும் நின்றுபோயிற்று. நாடு துப்பாக்கிக்குப் பணம் தேடும்போது சித்திரத்துக்கு யார் தருவார்?

அந்நிலையில்தான் ஒரு விந்தை நிகழ்ந்தது. பிரெஞ்சு ஓவியர் தெகா 1917 செப்டம்பரில் காலமானார். அவர் தம் காலத்தவரும் முன்னோரும் வரைந்த படங்களை வாழ்நாள் முழுவதும் பித்துப் பிடித்தவர்போல் சேர்த்தவர். அச்சேகரிப்பு 1918 மார்ச் 26, 27 ஆகிய நாள்களில் பாரிஸில் ஏலம் விடப்படும் என்று அறிவிப்பு வந்தது. லண்டனில் டங்கன் கிராண்ட் என்னும் இளம் ஓவியர் அந்த ஏலப் பட்டியலைக் கண்டு, தம் நண்பரிடம் ஓடினார். அந்த நண்பர் அப்போது நிதித்துறையில் பணியாற்றியவர். பிற்காலத்தில் பொருளியல் மாணவர் அனைவரும் படிக்க நேர்ந்த ஜான் மேனார்டு கெயின்ஸ்தான் அவர். கெயின்ஸ் நிதியமைச்சர் போனர் லாவிடம் வாதாடினார். பிரான்சுக்கு நாம் ஏராளமாகக் கடன் கொடுத்து வருகிறோம். அங்கே வாங்கும் படத்தின் விலை அக்கணக்கில் ஈடாகிவிடும். ஆகவே இது செலவே அன்று என்பது அவர் வாதம். அமைச்சர் சிரித்துக்கொண்டே இசைந்தார் என்று சொல்வர். 20,000 பவுன், அதாவது 550,000 பிராங்கு, ஒதுக்கப்பட்டது. அறங்காவலர்களில் ஒருவரான கர்சன் பிரபுவும் இதற்குத் துணை நின்றார். ஆம், இந்தியாவின் வைசிராயாக இருந்த அதே கர்சன்தான்.

மார்ச் 21-ஆம் நாள் ஜெர்மானியர் பெருந்தாக்குதல் தொடங்கினர். 23-ஆம் நாளிலிருந்து, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலிருந்து சுடும் பெரும் பீரங்கியின் குண்டுகள் பாரிஸ் நகரில் விழலாயின. இந்த வேளையில் கெயின்ஸ் ஒரு மாநாட்டுக்காகப் பாரிஸ் சென்றார். அவரோடு ஹோம்ஸும் பயணமானார். ஏலத்தில் தேசிய ஓவியக் கூடத்தின் இயக்குநர் அமர்ந்திருப்பது தெரிந்தால் வணிகர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள் அல்லவா? ஆகவே ஹோம்ஸ் தம் மீசையை மழித்துவிட்டு, மூக்குக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டார். ஐம்பது வயதை எட்டப்போகும் ஓர் ஆங்கிலக் கனவான், முன்னாள் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர், அரசாங்கப் பணத்தோடு, மீசையின்றி, குண்டு விழும் நகரத்து ஏல மண்டபத்தில் அமர்ந்திருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். இதைப் படமாக எவரும் வரையவில்லையே என்பது என் குறை.

பீரங்கியின் அச்சத்தால் பலர் ஊரை விட்டே சென்றிருந்தனர். விலைகள் தாழ்ந்தன. ஹோம்ஸ் வாங்கினார். ஆங்க்ரின் நார்வென் உருவப்படம், தெலக்ருவாவின் ஷ்விட்டர் பிரபு உருவப்படம், கோகினின் மலர்ச்சாடி ஆகியவை அவற்றுள் சில. கான்ஸ்டபிளைக் கண்டு வியந்த தெலக்ருவாவின் படத்தை, கான்ஸ்டபிளைப் பற்றி எழுதிய ஹோம்ஸே லண்டனுக்குக் கொண்டுவந்தார் பாருங்கள். மானே தீட்டிய மாக்சிமிலியன் மரண தண்டனை என்ற பெரிய படத்தின் துண்டுகளும் அங்கே கிடைத்தன. மானே இறந்த பின் அப்படம் வெட்டப்பட்டுத் துண்டு துண்டாக விற்கப்பட்டிருந்தது. தெகா அத்துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து ஒட்டி வைத்தார். ஹோம்ஸ் அவற்றை வாங்கி வந்திராவிட்டால் அவை மீண்டும் நான்கு திசையில் சிதறியிருக்கக்கூடும். 1992-ஆம் ஆண்டில் அவை ஒரே சீலையில் உரிய இடங்களில் பொருத்தப்பட்டன. காணாமற்போன பகுதிகள் வெற்றிடமாக விடப்பட்டுள்ளன. மாணவர்களே, கணினியில் அதைத் தேடிப் பாருங்கள். அந்த வெற்றிடங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

இதுவரை யாவும் வெற்றி. இனி வருவதே இப்பேச்சுக்கு என்னைத் தூண்டியது. ஏலத்தில் செஸானின் படங்களும் இருந்தன. அவற்றுள் ஒன்றை வாங்கும்படி கெயின்ஸ் வற்புறுத்தினார். ஹோம்ஸ் மறுத்துவிட்டார். ஏறத்தாழ 5,000 பவுனைச் செலவிடாமலே திருப்பிக் கொண்டுவந்தார். செஸானை அவர் அறியாதவர் அல்லர். 1910-ஆம் ஆண்டில் ராஜர் ஃபிரை லண்டனில் அந்தப் புதிய ஓவியர்களின் காட்சியை நடத்தியபோது, ஊரே கேலி செய்தது. ஹோம்ஸ் மட்டும் பொறுமையாக அவர்களைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். ஆகவே அறியாமையன்று, தயக்கம். எழுத்தாளராகத் தனியே நின்றால் துணிந்து சொல்லியிருப்பார். ஓவியராக அவருக்குத் தமக்கென்று ஒரு வழி இருந்தது. அவ்வழியில் செஸான் அடங்கவில்லை. காப்பாளராகவோ, பொதுப்பணம் கையில் இருந்தது. திரும்பிச் சென்றால் அறங்காவலர்களுக்குப் பதில் கூறவேண்டும். மூன்று பேர் ஒரே மனிதருக்குள் அமர்ந்து வழக்காடினால், பெரும்பாலும் அச்சப்படுகிறவர்தான் வெல்கிறார் என்று நான் எண்ணுகிறேன்.

கெயின்ஸ் என்ன செய்தார்? ஆப்பிள் பழங்கள் சில மட்டுமே உள்ள ஒரு சிறிய செஸான் படத்தைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கினார். ஊர் திரும்பி நண்பர்கள் வாழ்ந்த சார்ல்ஸ்டன் பண்ணை வீட்டுக்குச் சென்றபோது, பெட்டியைச் சுமக்க இயலாமல், படத்தோடு அதைச் சாலையோரத்துப் புதரிலே விட்டுவிட்டு வந்தார். செஸான் படம் வேலியோரத்தில் கிடக்கிறது என்று அவர் சொன்னதும், டங்கன் கிராண்ட் எழுந்து ஓடி எடுத்து வந்தார். பிற்பாடு லண்டன் தேசியச் சேகரிப்புக்குச் செஸானும் வான் கோவும் வந்து சேர்ந்தது, 1923-ஆம் ஆண்டில் சாமுவேல் கோர்ட்டால்டு என்ற ஆலை அதிபர் 50,000 பவுன் நன்கொடை தந்த பிறகுதான்.

ஹோம்ஸைக் குறை கூற எனக்கு உரிமை உண்டா என்று கேட்பீர்களானால், இல்லை என்றே சொல்வேன். அதற்குக் காரணம் உண்டு. 2003-ஆம் ஆண்டில் நான் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்தேன். நூலகத்துக்கென்று 15,000 ரூபாய் மானியம் வந்தது. அகராதி, கணிதம், அறிவியல், திருக்குறள் உரைகள் என்று வாங்கினோம். எங்கள் ஓவிய ஆசிரியர், உலக ஓவியங்களின் வண்ணப் பதிப்பு ஒன்றின் விலைப்பட்டியலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒரே நூல், 3,800 ரூபாய். தேர்வுக்கு உதவாத நூல். தணிக்கைக்கு வருகிறவர் கேட்டால் என்ன சொல்வது? அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றேன். மார்ச்சு மாத இறுதியில் 4,200 ரூபாயைக் கருவூலத்தில் திருப்பிக் கட்டினேன். தணிக்கைக் குறிப்பில் ஒரு குறையும் எழுதப்படவில்லை. அடுத்த ஆண்டு மானியம் வரவில்லை. அந்த ஆசிரியர் அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை. முன்போலவே நாட்காட்டிப் படங்களைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி வகுப்பில் காட்டிக்கொண்டிருந்தார்.

ஹோம்ஸ் 1921-ஆம் ஆண்டில் சர் பட்டம் பெற்றார். கூடத்திலுள்ள ஓவியங்களைப் பொதுமக்களுக்கு விளக்கி, 1923 முதல் 1927 வரை மூன்று பாகங்களாக நூல் எழுதினார். பழைய மேதைகளை இக்கால ஓவியத்தோடு பொருத்திக் காட்டும் நூல் அது. கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்திருப்பதைத் திறந்துகாட்டும் சாவி என்றே அதைச் சொல்லலாம். 1928-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின்னும் எழுதினார், வரைந்தார். 1936-ஆம் ஆண்டில் தம் சுயசரிதை வெளிவந்த அதே ஆண்டின் டிசம்பரில் காலமானார்.

சென்ற ஆண்டு எங்கள் பழைய ஓவிய ஆசிரியரை ஒரு திருமணத்தில் கண்டேன். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், பாரிஸ் ஏலத்தின் கதையை அவருக்குச் சொன்னேன். ஹோம்ஸின் மீசைக்குச் சிரித்தார். செஸான் படத்தைப் பற்றிக் கூறியதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“அந்த ஆப்பிள் படம் எவ்வளவு பெரிதாக இருக்கும், சார்?” என்று கேட்டார்.

“பெரிதில்லை. நம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் அளவுதான்” என்றேன்.

“அப்படியானால் அவர் பெட்டியிலே இடம் இருந்திருக்குமே” என்றார் அவர்.

பந்திக்கு அழைத்தார்கள். எழுந்து உள்ளே போனோம்.